ஜெயிச்சா மேலே போகணுமா? ஒரு சின்ன டிரம் கோர் போட வேண்டிய பெரிய கணக்கு

இன்ஸ்டாகிராம் ரீல்ஸில் இந்தக் காட்சி உங்கள் கண்ணில் பட்டிருக்கலாம். ஒரு பெரிய அமெரிக்கக் கால்பந்து மைதானம். நூற்றுக்கும் மேற்பட்ட இளைஞர்கள் டிரம்பெட் ஊதிக்கொண்டே ஓடுகிறார்கள். பின்னால் கொடிகள் பறக்கின்றன. பத்துப் பேர் ஒரே கையால் அடிப்பதுபோல டிரம் அடிக்கிறார்கள். கல்லூரி பேண்டு என்று நினைத்துக் கடந்து போயிருப்பீர்கள். அதன் பெயர் 'டிரம் கோர்'. எழுத்தில் 'கார்ப்ஸ்', உச்சரிப்பில் 'கோர்'.

இந்த உலகத்தில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வரும். சின்ன ஊர், சின்ன குழு, ஆனால் நன்றாக வாசிக்கிறார்கள், கீழ்ப் பிரிவில் மெடலும் வாங்கிவிட்டார்கள். அடுத்த வருஷம் மேல் பிரிவுக்குப் போகலாமா? கேட்டவுடன் "போகாம என்ன?" என்றுதான் தோன்றும். ஆனால் கணக்கு வேறு மாதிரி வருகிறது. ஏன் என்று பார்ப்போம்.

முதலில், டிரம் கோர் என்றால் என்ன?

பித்தளை ஊதுகருவிகள், தாளக் கருவிகள், கொடி வீசி ஆடும் 'கலர் கார்ட்' ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் ஒரு குழு. கிளாரினெட், புல்லாங்குழல், சாக்ஸபோன் கிடையாது. முதல் உலகப் போருக்குப் பிறகு முன்னாள் படைவீரர் சங்கங்கள், தேவாலயங்கள், சாரணர் அமைப்புகள் நடத்திய ஊர்க் குழுக்களிலிருந்து வளர்ந்த கலை இது.

1972-இல் 'டிரம் கோர் இன்டர்நேஷனல்' என்ற அமைப்பின் முதல் சாம்பியன்ஷிப் விஸ்கான்சின் மாநிலத்தின் வைட்வாட்டரில் நடந்தது. சுருக்கமாக டிசிஐ. 2009 முதல் இறுதிப் போட்டிகளின் வீடு இண்டியானாபொலிஸில் உள்ள லூகாஸ் ஆயில் ஸ்டேடியம்.

இரண்டு விஷயங்களை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, இந்தப் பிரிவுகளில் ஆடுபவர்களுக்கு வயது வரம்பு உண்டு. 22 வயதோடு கதை முடிந்தது. இரண்டு, ஆடுபவர்களுக்குச் சம்பளம் கிடையாது. அவர்கள்தான் பணம் கட்டுகிறார்கள். பல முன்னணிக் குழுக்களில் ஒரு கோடைக்கான கட்டணம் 5,000 டாலரைத் தாண்டிவிட்டது. நம்ம கணக்கில் 4 லட்சம் ரூபாய்க்கு மேல்.

மேல் பிரிவு, கீழ்ப் பிரிவு: வித்தியாசம் என்ன?

2007 வரை டிவிஷன் 1, 2, 3 என்று மூன்று இருந்தன. கீழே உள்ள இரண்டையும் பிரித்ததில் குழுவின் அளவுக்குப் பெரிய பங்கு இருந்தது. 2008-இல் டிவிஷன் 1 'வேர்ல்டு கிளாஸ்' ஆனது. மற்ற இரண்டும் சேர்ந்து 'ஓப்பன் கிளாஸ்' ஆயின.

பெயரைக் கேட்டால் ஒன்று சீனியர், இன்னொன்று ஜூனியர் என்று தோன்றும். நடைமுறையில் பெரிய வித்தியாசம் காலண்டரில் இருக்கிறது.

வேர்ல்டு கிளாஸ் குழுக்கள் மே மாதக் கடைசியிலேயே ஒன்றுகூடி, ஒரு மாதம் போலப் பயிற்சி எடுத்து, ஜூன் இறுதியில் பஸ் ஏறுகின்றன. ஆகஸ்ட் இரண்டாம் வாரம் வரை ஊர் ஊராகப் பயணம். இரவில் பள்ளிக்கூட ஜிம் தரையில் தூக்கம், பகலில் 10, 12 மணி நேரப் பயிற்சி, மாலையில் போட்டி, மறுபடி பஸ். ஒரு கோடையில் பல குழுக்கள் 10,000 மைல், அதாவது 16,000 கிலோமீட்டர் அளவுக்கு ஓடுகின்றன. கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகருக்குப் போய்த் திரும்பும் பயணத்தை இரண்டு தடவை செய்தாலும் இந்தத் தூரம் வராது.

ஓப்பன் கிளாஸில் பயணம் குறுகியது. பெரும்பாலும் சொந்த வட்டாரத்துப் போட்டிகள், கடைசியில் சாம்பியன்ஷிப்புக்காக ஒரு நீண்ட பயணம். உறுப்பினர்களும் பொதுவாக வயதில் சின்னவர்கள். பலருக்கு இதுதான் முதல் டிரம் கோர்.

மேலே போனால் மதிப்பெண் ஏறுமா?

ஏறாது. ஒரு நிகழ்ச்சிக்கு மொத்தம் 100 மதிப்பெண். ஒட்டுமொத்தத் தாக்கத்துக்கு 40, காட்சிக்கு 30, இசைக்கு 30. இரண்டு பிரிவுக்கும் இதே அளவுகோல்தான். ஓப்பன் கிளாஸில் 75 வாங்கும் நிகழ்ச்சி, பெயர்ப்பலகையை மாற்றியதால் 80 வாங்கிவிடாது.

மாறப்போவது வரிசை. நேற்று வரை மெடல் மேடையில் நின்ற குழு, அதே மதிப்பெண்ணோடு வேர்ல்டு கிளாஸ் பட்டியலின் கடைசி வரிகளுக்குப் போய்விடும். பெரிய போட்டிகளில் பட்டியலில் கீழே இருப்பவர்கள்தான் முதலில் ஆடுவார்கள். வெயில் தாழாத நேரம், பாதி காலியான கேலரி.

பலர் கவனிக்காத விதி ஒன்றும் இருக்கிறது. ஓப்பன் கிளாஸ் குழுக்கள் பிரிவு மாறாமலேயே இண்டியானாபொலிஸ் முதல் சுற்றில் ஆடலாம். அங்கே முதல் 25 இடத்துக்குள் வந்தால் அரையிறுதி, அதில் முதல் 12 இடம் பிடித்தால் இறுதிப் போட்டி. கலிஃபோர்னியாவின் 'புளூ டெவில்ஸ் பி', 'வேன்கார்ட் கேடட்ஸ்' போன்ற ஓப்பன் கிளாஸ் குழுக்கள் அரையிறுதிக்குப் போயிருக்கின்றன.

அதாவது, "பெரியவங்களோட மோதிப் பார்க்கணும்" என்பதுதான் ஆசை என்றால், அதற்கான கதவு ஏற்கெனவே திறந்திருக்கிறது. பிரிவு மாற வேறு காரணம் வேண்டும்.

செலவு எவ்வளவு கூடும்? ஒரு கணக்கு போடுவோம்

கீழே வரும் எண்கள் எந்தக் குழுவின் உண்மையான பட்ஜெட்டும் இல்லை. கணக்கு எப்படி ஓடுகிறது என்று காட்ட நாமே வைத்துக்கொண்டவை.

டிரம் கோர் செலவைப் புரிந்துகொள்ள நல்ல அலகு 'ஆள்-நாள்'. ஒரு ஆள் ஒரு நாள் குழுவோடு இருந்தால் அவருக்குச் சாப்பாடு, படுக்க இடம், பஸ்ஸில் சீட்டு, காப்பீடு எல்லாம் வேண்டும். டிரம் கோரில் வழக்கமாக ஒரு நாளைக்கு 4 வேளை சாப்பாடு.

முதல் நிலை, ஓப்பன் கிளாஸ்: 80 உறுப்பினர்கள், பயிற்சியாளர்களும் தன்னார்வலர்களும் சேர்த்து 30 பேர், 40 நாள். மொத்தம் 4,400 ஆள்-நாள். 17,600 தட்டுச் சாப்பாடு. ஆளுக்கு 3,000 டாலர் கட்டணம் என்றால் வருமானம் 2,40,000 டாலர். ஒரு ஆள்-நாளுக்குக் கையில் இருப்பது சுமார் 54 டாலர்.

இரண்டாம் நிலை, முழு பலத்தோடு வேர்ல்டு கிளாஸ்: 150 உறுப்பினர்கள், மற்றவர்கள் 60 பேர், 80 நாள். மொத்தம் 16,800 ஆள்-நாள், 67,200 தட்டு. கட்டணம் 5,000 டாலர் என்றால் வருமானம் 7,50,000. ஒரு ஆள்-நாளுக்குச் சுமார் 44 டாலர்.

மூன்றாம் நிலை, ஆள் சேராமலேயே மேலே போன குழு: 90 உறுப்பினர்கள், மற்றவர்கள் 50 பேர், 80 நாள். மொத்தம் 11,200 ஆள்-நாள். பெயர் இல்லாத குழு 5,000 கேட்க முடியாது. 4,500 என்று வைத்துக்கொள்வோம். வருமானம் 4,05,000. ஒரு ஆள்-நாளுக்கு வெறும் 36 டாலர்.

முதல் நிலையிலிருந்து இரண்டாம் நிலைக்குப் போகும்போது ஆட்கள் இரண்டு மடங்குகூட ஆகவில்லை. நாட்கள் இரண்டு மடங்கு ஆகின்றன. இரண்டும் ஒன்றையொன்று பெருக்குவதால் சாப்பாடு கிட்டத்தட்ட 4 மடங்கு ஆகிவிடுகிறது. வருமானம் 3 மடங்கைத் தாண்டிக் கொஞ்சம்தான் ஏறுகிறது. குழு வளர வளர, ஒரு ஆளை ஒரு நாள் பார்த்துக்கொள்ளக் கையில் இருக்கும் காசு குறைகிறது.

சின்ன குழு மாட்டிக்கொள்வது மூன்றாம் நிலையில். பெரிய குழுவின் காலண்டர், சின்ன குழுவின் கல்லா. பாதி காலியான பஸ்ஸுக்கும் முழு வாடகைதான் கொடுக்க வேண்டும்.

இதில் லாரிகளை இன்னும் சேர்க்கவில்லை. 2004-இல் ஒலிபெருக்கிகளுக்கும், 2009-இல் சிந்தசைசர் போன்ற மின்னணுக் கருவிகளுக்கும் டிசிஐ அனுமதி தந்தது. இன்று மேல் பிரிவில் ஸ்பீக்கர், மிக்ஸர், பெரிய மேடைப் பொருட்கள் இல்லாத நிகழ்ச்சி அபூர்வம். அவற்றை ஏற்றிச் செல்ல லாரி வேண்டும், ஓட்டுநர் வேண்டும், டீசல் வேண்டும்.

உறுப்பினர் எண்ணிக்கையின் உச்சவரம்பும் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. ஒரு காலத்தில் 128. பிறகு 135, 150, இப்போது அதற்கும் மேல். உச்சவரம்பு ஏறும்போதெல்லாம் 80 பேர் கொண்ட குழு, ஒன்றுமே செய்யாமல், முன்பைவிடச் சின்னதாகத் தெரிகிறது.

அப்படியானால் மேலே போவதில் லாபமே இல்லையா?

இருக்கிறது, அதுவும் நிஜமான லாபம்.

முதலாவது, ஆள் சேர்ப்பு. நன்றாக வாசிக்கும் 19 வயதுக்காரர் முதலில் தேடுவது வேர்ல்டு கிளாஸ் பட்டியலைத்தான். சின்ன குழு இரண்டு வருஷம் சொல்லிக்கொடுத்து உருவாக்கிய டிரம்பெட் வாசிப்பவர், மூன்றாம் வருஷம் பெரிய குழுவுக்குப் போய்விடுவார். நாம் பயிற்சி கொடுத்து அனுப்பும் ஜூனியரைப் பெரிய கம்பெனி தூக்கிக்கொண்டு போவது மாதிரிதான். மேலே போனால் அவர் தங்க ஒரு காரணம் கிடைக்கும்.

இரண்டாவது, கற்றல். வாரக்கணக்கில் தொடர்ந்து, நாட்டின் சிறந்த குழுக்களோடு ஒரே மைதானத்தில் ஆடினால் வருகிற முன்னேற்றம் உள்ளூர்ப் போட்டிகளில் வராது.

மூன்றாவது, அமைப்பில் குரல். ஆனால் இதில் ஒரு எச்சரிக்கை. 2010-இல் ஏழு முன்னணிக் குழுக்கள் சேர்ந்து, வருவாயிலும் அதிகாரத்திலும் தங்களுக்குக் கூடுதல் பங்கு வேண்டும் என்று ஒரு திட்டம் வைத்தன. 'ஜி7' என்று பேசப்பட்ட அந்த விவகாரம் டிசிஐ-க்குள் பெரிய சண்டையானது. மேஜையில் இடம் கிடைத்தாலும், அங்கே எல்லோருக்கும் ஒரே எடை இல்லை என்பதைச் சின்ன குழுக்கள் அப்போதே பார்த்துவிட்டன.

போனவர்கள், தங்கியவர்கள்: அனுபவம் என்ன சொல்கிறது?

ஏறி ஜெயித்த கதைக்கு 'புளூ ஸ்டார்ஸ்' நல்ல உதாரணம். விஸ்கான்சினின் லா கிராஸ் என்ற நடுத்தர ஊர்க் குழு. 1972-இல், முதல் டிசிஐ சாம்பியன்ஷிப்பிலேயே இரண்டாம் இடம். பிறகு சரிவு, பெரிய பிரிவை விட்டுப் பல வருஷம் கீழ்ப் பிரிவில் ஆடினார்கள். 2000-களின் நடுவில் மீண்டும் மேலே வந்தார்கள். 2008-இல் 8-ஆம் இடம். 1979-க்குப் பிறகு அப்போதுதான் இறுதிப் போட்டியில் கால் வைத்தார்கள். கீழே இருந்த வருஷங்களை அவமானமாகப் பார்க்காமல் அஸ்திவாரம் போடும் காலமாகப் பயன்படுத்தியதன் பலன் அது.

'ஒரிகன் க்ரூசேடர்ஸ்' 2012-இல் ஓப்பன் கிளாஸ் பட்டம் வென்று, அடுத்த வருஷமே மேலே போனது. நாஷ்வில்லின் 'மியூசிக் சிட்டி' 2018-இல் போனது. இவர்கள் மேலே போனதும் சாம்பியன்களாகிவிடவில்லை. பட்டியலின் கீழ்ப் பகுதியில் இடத்துக்குப் போராடுவதுதான் புதிதாக வரும் குழுக்களின் வழக்கமான வாழ்க்கை.

இன்னொரு பக்கம், நியூ ஹாம்ப்ஷயரின் நாஷுவா ஊரைச் சேர்ந்த 'ஸ்பார்ட்டன்ஸ்'. கீழ்ப் பிரிவுப் பட்டங்கள் வாங்கிய பிறகும் அவர்கள் அங்கேயே ஆடிவந்தார்கள். அந்தக் குழுவைத் திறமை இல்லாத குழு என்று யாரும் சொல்வதில்லை. 'புளூ டெவில்ஸ் பி' போன்ற குழுக்களோ தெரிந்தேதான் ஓப்பன் கிளாஸில் வைக்கப்பட்டிருக்கின்றன; அடுத்த தலைமுறையைத் தயார் செய்வது அவற்றின் வேலை.

மேலே இருப்பவர்கள் நிம்மதியாக இருக்கிறார்களா?

'சான்டா கிளாரா வேன்கார்ட்' 2018-இன் சாம்பியன், மொத்தம் 7 பட்டம். அப்படிப்பட்ட குழு 2023 சீசனில் ஆடவே இல்லை, காரணம் பணம். 2024-இல்தான் திரும்பி வந்தது. வயோமிங் மாநிலத்தின் 'ட்ரூப்பர்ஸ்' 2006-இல் ஒரு வருஷம் நின்று, 2007-இல் திரும்பி, 2009-இல் இறுதிப் போட்டிக்கே போனது. ஒரு வருஷம் நிற்பது சாவு இல்லை என்பதற்கு இந்த இரண்டும் சாட்சி.

'தி கேடட்ஸ்' கதை வேறு. 1934-இல் தொடங்கிய குழு, 10 டிசிஐ பட்டங்கள். 1980-களில் நடந்ததாகச் சொல்லப்படும் பாலியல் அத்துமீறல் தொடர்பான வழக்கின் செலவைத் தாங்க முடியாமல் 2024 தொடக்கத்தில் மூடப்பட்டது. மேல் பிரிவு என்றால் அதிக நாட்கள், அதிக பணியாளர்கள், வீட்டை விட்டு வெகுதூரத்தில் பதின்ம வயதினர். பணியாளர்களின் பின்னணியைச் சரிபார்ப்பது, புகார் சொல்லப் பாதுகாப்பான வழி வைப்பது போன்றவை பட்ஜெட்டின் கடைசி வரியாக இருக்கக் கூடாது.

சரி, ஒரு சின்ன குழு எப்படி முடிவெடுக்கலாம்?

நீங்கள் அப்படி ஒரு குழுவின் நிர்வாகக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கேட்க வேண்டிய கேள்விகள் இவை:

1. கடந்த மூன்று சீசன்களில் கணக்கு எப்படி முடிந்தது? கடனோடு மேலே போகும் குழு, இரண்டு மடங்கு நீளமான கோடையில் அந்தக் கடனையும் சுமந்துகொண்டு போகிறது.

2. பெஞ்சில் ஆள் இருக்கிறதா? இங்கே சப்ஸ்டிட்யூட் எளிதல்ல. மைதானத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு புள்ளி குறித்திருக்கும். ஜூலையில் ஒருவர் காயம்பட்டு வீட்டுக்குப் போனால், வட்டத்தில் ஒரு பல் விழுந்த மாதிரி ஓட்டை தெரியும்.

3. சமைப்பது யார்? பெரும்பாலும் உறுப்பினர்களின் அப்பா அம்மாக்கள், ஆபீஸில் லீவு போட்டு வந்து கிச்சன் லாரியில் நிற்பவர்கள். 40 நாளைக்கு மாற்றி மாற்றி ஆள் கிடைக்கும். 80 நாளைக்குக் கிடைக்குமா?

4. கட்டணம் ஏறினால் யார் விலகுவார்கள்? கோடையில் பகுதிநேர வேலை பார்த்துப் படிப்புக்குச் சேர்க்கும் மாணவருக்கு நஷ்டம் இரண்டு பக்கமும்: கட்டணமும் போகும், சம்பளமும் போகும். எந்த ஊர்ப் பிள்ளைகளுக்காகக் குழு தொடங்கப்பட்டதோ, அவர்களே வெளியே நின்றுவிடலாம்.

5. முதல் வருஷம் கடைசி இடம் வந்தால் குழு கலைந்துவிடுமா? "ஆமாம்" என்றால் இப்போதைக்குப் போகாதீர்கள்.

ஐந்துக்கும் நல்ல பதில் இருந்தாலும் ஒரே தாவலில் போக வேண்டியதில்லை. முதல் வருஷம் சுற்றுப்பயணத்தை ஒரு வாரம் நீட்டலாம். அடுத்த வருஷம், ஓப்பன் கிளாஸில் இருந்தபடியே இண்டியானாபொலிஸில் முதல் 25 இடத்துக்கு முயற்சி செய்யலாம். சமையலறை, பஸ், கணக்கு, மனநிலை எல்லாம் அந்த அழுத்தத்தைத் தாங்குகிறதா என்று பார்த்துவிட்டு விண்ணப்பிக்கலாம்.

இதில் யாருக்கு அவசரம்?

காத்திருக்கலாம் என்று நிர்வாகி சுலபமாகச் சொல்லிவிடலாம். அவருக்கு இன்னும் பத்து கோடைகாலங்கள் இருக்கின்றன. 20 வயது உறுப்பினருக்கு இருப்பது ஒன்றோ இரண்டோதான். 22 வயது வந்தால் வெளியே. "நாங்க இருக்கும்போதே மேலே போகணும்" என்று அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் அந்த அவசரத்தில் மேலே போய், ஜூலை நடுவில் டீசலுக்குக் காசில்லாமல் குழு நின்றுவிட்டால், அந்த 20 வயதுக்காரர் தன் கடைசி கோடையையே இழப்பார். கட்டிய பணமும் போகும். அவர் இடத்துக்கு அடுத்த வருஷம் வரவேண்டிய 15 வயதுப் பெண்ணுக்குச் சேர ஒரு குழுவே இருக்காது.

அதனால் என் பதில் இது. மெடல் வாங்கியது மட்டும் மேலே போகப் போதுமான காரணம் அல்ல. மே மாதம் பயிற்சி தொடங்கும் முன்பே அந்தக் கோடைக்கான பணம், பஸ், சமையல் ஆள், பொறுப்பான பணியாளர்கள் எல்லாம் தயாராக இருந்தால் போகலாம்; கடைசி இடம் வந்தாலும் அடுத்த மே மாதம் அதே குழு மீண்டும் கூடும். அதில் ஒன்று குறைந்தாலும், இன்னொரு வருஷம் ஓப்பன் கிளாஸில் நன்றாக ஆடிவிட்டு, இண்டியானாபொலிஸ் முதல் சுற்றில் ஒரு கை பார்ப்பதுதான் சரி.